கைவீச்சு

மறுபடியும் அதே கோடு.

அவள் பட்டைகளைக் கழற்றி பேட்டரிகளை மாற்றினாள். கணினியை அணைத்துப் போட்டாள்.

"இன்னொரு தடவை நடக்கிறீங்களா டாக்டர்?"

ஹாரூன் சிரித்துக்கொண்டே எழுந்தான். தாழ்வாரத்தின் அந்தக் கோடிக்குப் போய் நின்றான்.

அவள் பொறியாளர். அவன் மூளை அறுவை மருத்துவன், துறையில் எல்லோருக்கும் இளையவன். ஒரே ஆராய்ச்சிக்காகப் பல்கலைக்கழகம் இருவரையும் சேர்த்துவைத்து ஒரு வருடம் ஆகிறது. பார்க்கின்சன் நோயை, கை நடுங்கத் தொடங்கும் முன்பே, நடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சென்சார் பட்டைகளைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அவ்வளவுதான்.

நோயாளிகள் நடந்து முடித்துவிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள் வேண்டும். மாணவர்களுக்குப் பரீட்சை. யாரும் வரவில்லை.

நானே நடக்கிறேன், எனக்கென்ன கேடு என்று அவன்தான் சொன்னான்.

நடந்தான். வார்டுகளில் நடக்கிற அதே வேகம்.

திரையில் அவனுடைய வலது கை அலைபோல ஏறி இறங்கியது. கால்கள் இரண்டும் சரி.

இடது கை மட்டும் வீச்சே இல்லாமல் நேர்கோடாகக் கிடந்தது.

இந்தக் கோட்டை அவளுக்குத் தெரியும். எத்தனையோ நோயாளிகளிடம் பார்த்திருக்கிறாள். எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். மகனோ மகளோ தோளைப் பிடித்து அழைத்து வருவார்கள்.

சென்சாராகத்தான் இருக்கும்.

எல்லாப் பட்டைகளையும் இடம் மாற்றிக் கட்டினாள். நடக்கச் சொன்னாள். கோடு பட்டையோடு போகவில்லை. இடது கையிலேயே நின்றது.

அவற்றைத் தானே கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள். இரண்டு கைகளும் அலை அலையாக வந்தன.

இப்போது திரையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து கைப்பேசியைத் துழாவிக்கொண்டிருந்தான். இடது கை முழங்கையில் லேசாக மடங்கி, உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது.

எப்போதிலிருந்து?

தினமும் கேன்டீனில் ஒன்றாக டீ குடிக்கிறார்கள். ஒரு நாளும் கவனித்ததில்லை.

முப்பத்தாறு வயது. மகளை இந்த ஜூனில்தான் பள்ளியில் சேர்த்தான். நாளைக் காலை அவனுக்கு ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது. மதியம் சாப்பிடும்போது அதைப் பற்றியேதான் பேசினான். நோயாளி ஒரு பள்ளி ஆசிரியை. மூளையில் பேச்சைக் கட்டுப்படுத்தும் இடத்தை ஒட்டி ஒரு கட்டி. கொஞ்சம் பிசகினாலும் பேச்சு போய்விடும். பெரிய டாக்டர் முதல்முறையாக இப்படி ஒரு கேஸை அவனிடம் தனியாக விட்டிருக்கிறார். உற்சாகத்தில் இடது கையால் தண்ணீர் டம்ளரை எடுக்கக்கூட இரண்டு முறை தடுமாறினான்.

உற்சாகம் என்றுதான் அப்போது நினைத்தாள்.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். தாகம் இல்லை. சன்னலைத் திறந்தாள், வெயில் அடித்தது, மூடினாள். தோள்பட்டை இறுகினாலும் கை வீசாது. தூக்கம் கெட்டாலும் இருக்கலாம். தான் டாக்டர் இல்லை. ஒரு மதியத்தில் எடுத்த ஒரு கோடு, அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

சொல்லாமலும் எப்படி?

"சென்சார்ல ஏதோ கோளாறு டாக்டர். அப்புறம் பாத்துக்கலாம்."

அவன் உட்கார்ந்து குனிந்தான். கணுக்கால் பட்டையை அவிழ்க்கத் தொடங்கினான். தலையை நிமிர்த்தவில்லை.

"எந்தக் கை?"

கை என்று அவள் சொல்லவே இல்லை.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"இடது," என்றாள்.

அவன் தலையசைத்தான். திடுக்கிடவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பிறகு விட்டுவிட்டுச் சொன்னான். சட்டைப் பொத்தான் போட நேரமாகிறது. வீட்டில் மீன் பொரித்தால் வாசனை தெரிவதில்லை, அதுவும் இந்த நோயின் ஆரம்ப அறிகுறி என்று அவனுக்குத் தெரியும். ஆபரேஷனில் இதுவரை ஒரு பிசகும் வரவில்லை, அதனால் தூக்கக் குறைவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இன்று நடக்க ஆள் வராதபோது சட்டென்று வாய் முந்திவிட்டது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று நடந்தானா, நோய் இல்லை என்று மெஷின் சொல்ல வேண்டும் என்று நடந்தானா, அவனுக்கே தெரியவில்லை.

எதுவும் உறுதியில்லை, நரம்பியல் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அவள் சொன்னாள். அவன் லேசாகச் சிரித்தான். நோயாளிகளுக்கு அவன் வழக்கமாகச் சொல்வதும் அதுதான்.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நாளைக்கு அந்த டீச்சர்…"

முடிக்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ?

அவன் எழுந்தான். தாழ்வாரத்தில் அந்தக் கோடிவரை போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். இடது கை விரல்களை மூடினான், விரித்தான். பட்டைகள் மேசைமேல் கிடந்தன. அவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலடிச் சத்தம் நின்றது.

கைப்பேசியைக் காதில் வைத்திருந்தான். நாளைய கேஸை நீங்களே செய்துவிடுங்கள் சார் என்றான். அந்தப் பக்கம் பெரிய டாக்டரின் கனத்த குரல். அவளுக்கே கேட்டது. இதற்காகத்தானே இத்தனை நாள் என் பின்னாலேயே சுற்றினாய் என்றார். கடைசி நேரத்தில் என்ன வந்தது, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார்.

"ஆமா சார்."

யாருக்கு என்று கேட்டார்.

அவன் சன்னல் கண்ணாடியைப் பார்த்து நின்றான். அந்தப் பக்கம் இரண்டு முறை ஹலோ சொன்னார்.

"எனக்குத்தான் சார்."