ஜெபிக்க வந்தவர்

பாஸ்டர் முகுந்தன் விழுந்த சத்தத்தில் பெண்கள் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

இராஜம்மாவுக்காக ஜெபிக்க வந்திருந்தார். ஆறாம் கட்டில் அருகே நின்று, வேதாகமத்தை விரித்து, தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து நர்ஸ் விஷ்ணுப்ரியா இராஜம்மாவின் புறங்கையில் ஊசியை ஏற்றினாள்.

இராஜம்மா முகம் சுளிக்கவில்லை. பாஸ்டர்தான் வெளுத்துப்போனார்.

“பரம பிதாவே” என்றார். அடுத்த வார்த்தை வரவில்லை. அதற்குள் அவர் தரைக்கு வந்துவிட்டார்.

இராஜம்மாவுக்குக் கழுத்தில் கட்டி. நல்லதா கெட்டதா என்பது எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று காலை ஆபரேஷன்.

கிள்ளானில் அவர் போகும் தமிழ்ச் சபையில் ஊருக்கெல்லாம் ஜெபிப்பவர் இராஜம்மாதான். காஜாங்கில் கார் லைசென்ஸ் எடுக்கப் போய்த் தோற்றுக்கொண்டே இருந்த பெண்ணுக்காக ஜெபித்திருக்கிறார். கேரி தீவில் காணாமல்போன ஆட்டுக்காகவும் ஜெபித்திருக்கிறார். ஆடு கிடைத்துவிட்டது. அந்தப் பெண் மறுபடியும் தோற்றாள். இராஜம்மா இன்னும் விடவில்லை.

அப்படிப்பட்டவருக்கு, கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து ஜெபம் வரவில்லை.

முழங்காலில் நிற்பார். கண்ணை மூடுவார். உள்ளே பயம் மட்டும் சட்டமாக உட்கார்ந்திருக்கும்.

போனில் விசாரிக்கிறவர்களிடம் “கர்த்தர் பார்த்துக்குவாரு” என்று தைரியமாகச் சொல்வார். போனை வைத்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவார். இதை யாரிடம் சொல்ல முடியும்? எல்லாரும் தங்கள் கவலையைக் கொண்டுவந்து கொட்டுவதே அவரிடம்தான்.

இப்போது பாஸ்டரும் அவர் காலடியில் கிடந்தார்.

இரண்டு நர்ஸுகள் சேர்ந்து தூக்கப் பார்த்தார்கள். பாஸ்டர் ஒல்லியானவர் இல்லை. சபையார் வீடு வீடாகக் கூப்பிட்டு அவருக்குப் பிரியாணி போடுகிறவர்கள்.

இராஜம்மா ஊசி ஏறிய கையை உயர்த்திப் பிடித்தபடி கட்டிலை விட்டு இறங்கினார்.

“இங்கயே போடுங்க மிஸ்ஸி. என் கட்டில்லயே போடுங்க லா.”

போட்டார்கள். பாஸ்டரின் பாதங்கள் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இராஜம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஜில்லிட்டிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாய் தானாகத் திறந்தது.

“ஆண்டவரே, இந்தப் பிள்ளைய எழுப்பி உட்கார வையும். அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்கு. மண்டையில அடி கிடி பட்டிருந்தா பொண்ணு வீட்டுக்கு நாங்க என்ன பதில் சொல்றது?”

சொற்கள் வந்துகொண்டே இருந்தன. பாஸ்டரில் தொடங்கி, அவர் கட்டிக்கொள்ளப்போகும் பெண்ணுக்கு, பெண் வீட்டாருக்கு, மூச்சிரைத்து நின்ற நர்ஸுகளுக்கு, எதிர்க் கட்டிலில் முனகிக்கொண்டிருந்த சீன ஆன்டிக்கு என்று ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் இராஜம்மாவின் கழுத்துக்கும் அந்த ஜெபம் வந்து சேர்ந்தது.

அதற்காகக் கேட்டபோது குரல் நடுங்கவில்லை.

கட்டி அங்கேயேதான் இருந்தது. பயமும் எழுந்து போய்விடவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டிருந்தது.

இராஜம்மா ஆமென் சொல்லவும், நோயாளியை ஆபரேஷனுக்கு அழைத்துப் போக யுகேந்திரன் என்ற ஊழியர் தள்ளுகட்டிலோடு வரவும் சரியாக இருந்தது. கையில் இருந்த அட்டையில் ‘இராஜம்மா, ஆறாம் கட்டில்’ என்று எழுதியிருந்தது.

ஆறாம் கட்டிலில் மீசை வைத்த ஒருவர் டை கட்டிக்கொண்டு படுத்திருந்தார்.

யுகேந்திரன் அட்டையைப் பார்த்தார். மீசையைப் பார்த்தார். திரும்பவும் அட்டையைப் பார்த்தார்.

“பாஸ்... இராஜம்மா நீங்களா?”

பாஸ்டர் கண்ணைத் திறந்தார். “இல்லண்ணே. நான் ஜெபம் பண்ண வந்தவன்.”

இராஜம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தே வெகு நாளாகியிருந்தது, அடக்கத் தெரியவில்லை. தள்ளுகட்டிலில் ஏறிப் படுத்த பிறகும் வயிறு குலுங்கியது. மயக்க மருந்தை இப்போதே கொடுத்துவிட்டார்களா என்று யுகேந்திரன் நர்ஸிடம் கேட்டார்.

அது நல்ல கட்டிதான் என்று பிறகு தெரிந்தது. அன்று காலை அது யாருக்கும் தெரியாது.

தள்ளுகட்டில் நகரத் தொடங்கியது. பக்கத்துக் கட்டில் மாரியாயி, காலில் சர்க்கரைப் புண்ணோடு அந்த வார்டிலேயே பல வாரமாகப் படுத்திருப்பவர், நெற்றி நிறையத் திருநீற்றோடு தலையை நீட்டினார்.

“பாவம்மா இந்த பாஸ்டர். போன வாரம் கடைசிக் கட்டில்ல ஒரு அக்காவுக்கு ஜெபம் பண்ண வந்து, அங்கயும் இப்படித்தான் விழுந்தாரு. அதுக்கு முந்தின வாரம் வாசல்லயே விழுந்துட்டாரு. ஊசி, ரத்தம் எதுவும் அவருக்கு ஆகாதாம். மிஸ்ஸி சொல்லிப் பாத்துட்டாங்க, நீங்க வராதீங்க, போன்லயே ஜெபிங்கன்னு. கேட்டாத்தானே.”

இராஜம்மா தலையைத் திருப்பிப் பார்த்தார்.

பாஸ்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து யாரோ கொடுத்த மைலோவைக் குடித்து முடித்திருந்தார். வாசலோரக் கட்டிலிலிருந்து ஒரு பெண் கையசைத்து அவரைக் கூப்பிட்டாள். அந்தக் கட்டில் பக்கத்தில் நின்று விஷ்ணுப்ரியா ஒரு புதிய ஊசியின் உறையைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

பாஸ்டர் அந்த ஊசியைப் பார்த்தார். டையைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு சுவரைப் பிடித்தபடி, ஒவ்வோர் அடியாக, அந்தக் கட்டிலை நோக்கி நடக்கத் தொடங்கினார்.