குனியக்கூடாத கண்

விழித்திரை அறுவை சிகிச்சையின்போது மகுடபதியின் கண்ணுக்குள் நிரப்பிய திரவம் எட்டு வருடங்களாக அவரை வேவு பார்க்கிறது. தலை குனிந்தால் கண்ணில் அழுத்தம் ஏறும். திரவத்திலுள்ள உணரி அதை அறிந்து சொல்ல, உடனே மனைவி வசந்தாமணியின் கைவளையல் அதிரும்.

கொஞ்ச நாளாக, இரவில் அவள் கழற்றி வைத்த வளையலில் தினமும் விடியற்காலை ஒரு குனிவு பதிவாகியிருந்தது.

"ஏனுங்க, பார்வையைத் தொலைச்சுப்போட்டுத்தான் அடங்குவீங்களா? அந்நேரத்துல எதுக்குக் குனியறீங்க?"

"செருப்பைத் தேடுனேன்" என்று மழுப்பினார்.

அன்று வளையலைக் கழற்றாமலே படுத்தாள். விடியும் முன் அது அதிர்ந்தது. கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். அவர் காது அவள் மூக்கருகே வந்து நின்றது. போன மாதம்தான் அவள் நெஞ்சுவலியிலிருந்து பிழைத்து வந்திருந்தாள்.

"மூச்சு வருதுங்க. நிமிருங்க."

மறுநாள் இரவு, குனியாமலே மூச்சு அவர் காதுக்கு எட்டட்டும் என்று, தலைக்கு மூன்று தலையணை அடுக்கிப் படுத்தாள்.