பின்சக்கரத்துக் கட்டை

பட்டாள ஏலத்தில் எடுத்த பழைய வேனில்தான் குத்புதீன் பச்சைமலை ஊர்களுக்குச் சேலை விற்கப் போவார். கட்டில், அடுப்பு எல்லாம் அதற்குள்ளேயே. ஏற்றத்தில் எஞ்சின் கொதித்து வண்டி நின்றால், மனைவி நஜ்முன்னிசா இறங்கி, வண்டி உருளாமலிருக்கப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பாள். கிளம்பும்போது கட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து ஏறுவாள். பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டால்தான் அவர் வேகமெடுப்பார்.

1959 மாசியில் அவளைத் திருச்சியில் அடக்கம் செய்துவிட்டு, தனியாக மலையேறினார். அடிவாரத்தில் வழக்கமாகச் சேலை வாங்கும் மயிலம்மாள் கேட்டாள்: “அம்மா வரலீங்களா பாய்?”

“அடுத்த தடவ வருவாம்மா” என்றார். வண்டியைக் கிளப்பினார்.

ஏற்றத்தில் எஞ்சின் கொதித்தது. கைபிரேக்கைப் போட்டுவிட்டு, கட்டையை எடுக்கப் பின்கதவைத் திறந்தார். உள்ளே கட்டை இல்லை. குனிந்து பார்த்தார். சக்கரத்தை ஒட்டி, அவள் வைக்கிறமாதிரியே கொஞ்சம் சாய்வாக இருந்தது.

எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றினார். கட்டையை அவர் தொடவில்லை. பின்கதவைத் திறந்தபடியே விட்டு, முதல் கியரில் வண்டியை நகர்த்தினார்.

மலைமேல் முதல் ஊர் வந்தது. சேலைக்குக் காத்திருந்த பெண்கள் கைகாட்டினார்கள். அவர் நிறுத்தவில்லை, வேகமெடுக்கவுமில்லை. பின்கதவு சாத்தும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.