ஒழுங்கைக் கீரை

“டீச்சர் இண்டைக்கும் கீரை பிடுங்குறா.”

வேலி ஓலையை விலக்கிப் பார்த்த திரேசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தனக்குத்தானே சொன்னாள்.

தாழ்வுபாட்டில் அவள் வீட்டு வேலிக்கும் பக்கத்து வாடகை வீட்டுக்கும் நடுவால் ஒரு ஒழுங்கை கடற்கரைக்குப் போகிறது. மாரி மழை பெய்தால் அதன் இரண்டு கரையிலும் காட்டுக்கீரை மண்டிவிடும். விதைத்தவர் யாருமில்லை. ஆனாலும் திரேசம்மாவுக்கு அது சொந்தத் தோட்டம்.

காரணம் இருந்தது. கடற்தொழிலுக்குப் போகிற அவளுடைய கணவர் யாகப்பருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. போன வருசம் இடது காலில் பெருவிரலை எடுத்தாயிற்று. இனி ஒரு புண் வந்தால் காலே போய்விடும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கீரை நல்லது என்றும் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அவருக்குக் கீரையில்லாத சாப்பாடு இல்லை.

பக்கத்து வீட்டுக்கு றுமைஸா டீச்சர் வந்து மூன்று மாதம்தான். முசலிப் பக்கத்து ஆள். பெரிய வகுப்புகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். விடிந்ததும் பூதக்கண்ணாடியும் உரப்பையுமாக ஒழுங்கையில் குந்திவிடுவாள். சிலதைப் பிடுங்குவாள். சிலதைத் தொடவும் மாட்டாள்.

முதலில் திரேசம்மா மரியாதையாகத்தான் கேட்டாள்.

“என்ன டீச்சர் தேடுறியள்?”

“சும்மா அக்கா. கீரையளை இனம் பிரிச்சுப் பாக்கிறன். இதுகள் எல்லாம் ஒரே குடும்பம். சின்னனில ஒண்டுபோலத்தான் இருக்கும். இலை நுனியையும் கவட்டையும் கிட்ட வைச்சுப் பாத்தாத்தான் வித்தியாசம் தெரியும்.”

“பிரிச்சு?”

“பிள்ளையளுக்குக் காட்ட.” முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

முகத்தைப் பார்க்காமல் சொன்னால் அது பொய். திரேசம்மாவின் சட்டத்தில் அதற்கு அப்பீல் கிடையாது.

பிள்ளைகளுக்குக் காட்ட நாளுக்கு ஒரு பை கீரையா? லீவு நாளிலும் பிடுங்குகிறாளே, அது யாருக்குக் காட்ட?

மீன் ஏற்றப் போன ஊர்ப் பெடியன் றோய், மோட்டார் சைக்கிளை நிறுத்தி எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினான்.

“அவ அதைச் சமைக்கிறதுமில்லை மாமி. கடற்கரையில கொட்டி நெருப்பு வைக்கிறா. நான் கண்ணால கண்டனான்.”

திரேசம்மா வேலி ஓலையை இழுத்து மூடினாள். களவென்றால்கூட ஒரு நியாயம் உண்டு, பசி என்று விட்டுவிடலாம். தானும் தின்னாமல் எரிக்கிறாளே! நோயாளியின் வாய்க்குப் போகிற கீரையை எரிக்கிறவளின் மனசில் என்னதான் இருக்கும்?

அன்று யாகப்பரிடம் சொன்னாள்.

“அவ நல்ல பிள்ளை. நீ பேசாமல் இரு” என்று அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அதுவும் முகத்தைப் பார்க்காமல். திரேசம்மாவுக்கு இப்போது இரண்டு பேரில் சந்தேகம்.

இன்று அவளால் பொறுக்க முடியவில்லை. விறுவிறென்று ஒழுங்கைக்கு இறங்கினாள்.

“வையுங்கோ அந்தப் பையை!”

“அக்கா, இது நீங்கள் சமைக்கிற கீரை இல்லை...”

“என்ர மனுசன் சாகட்டும் எண்டோ பிடுங்கி எரிக்கிறீர்?”

பையைப் பறித்து ஒழுங்கை நடுவில் கவிழ்த்தாள்.

அத்தனையும் முள்ளுக்கீரை. கவட்டுக்குக் கவட்டு இரண்டிரண்டாக ஊசி முள். அவள் சமைக்கிற குப்பைக்கீரை மருந்துக்குக்கூட அதில் இல்லை. அது கரையில் பச்சைப் பசேலென்று அப்படியே நின்றது.

திரேசம்மா ஒரு கணம் தடுமாறினாள். ஒரு கணம்தான்.

“ஓகோ, முள்ளு சேக்கிறீரோ! ஆருக்குச் சூனியம் வைக்க?”

றுமைஸா வெறுங்கையால் செடிகளை அள்ளத் தொடங்கியிருந்தாள். “அள்ளுங்கோ அக்கா! அண்ணை கடலால வாற நேரம்!”

“வரட்டும். அவரும் பாக்கட்டும்.”

“அவருக்கு உள்ளங்கால் விறைச்சுப் போச்சு அக்கா. குத்தினாலும் தெரியாது. நான் வந்த புதுசில, முள்ளுத் தைச்சு இரத்தத்தோட நடந்து போனவர். நான் சொல்லித்தான் குனிஞ்சு பாத்தவர். ‘மனுசிக்குச் சொல்லிப்போடாதைங்கோ டீச்சர், கடலுக்கு விடமாட்டாள்’ எண்டு கையெடுத்துக் கும்பிட்டவர். செருப்பும் போடுறாரில்லை. அதுதான் இந்த இனத்தை மட்டும் தேடித் தேடிப் பிடுங்குறன். காய்ஞ்ச முள்ளும் குத்தும் எண்டுதான் எரிக்கிறன்.”

“பொய்!” திரேசம்மா கத்தினாள். “இத்தனை வருசம் அவரோட வாழ்ந்த எனக்குத் தெரியாதது, நேற்று வந்த உமக்குத் தெரியுமோ?”

கடற்கரைப் பக்கமிருந்து யாகப்பர் வந்துகொண்டிருந்தார். தோளில் வலை. கண்கள் சண்டை பிடிக்கிற இரண்டு பெண்கள் மேல்.

“அண்ணை, மிதிக்காதைங்கோ!”

றுமைஸா கத்தி முடிப்பதற்குள், விலக்குப் பிடிக்கும் அவசரத்தில் அவர் முட்செடிகளுக்கு மேலாலேயே நடந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றார். முகம் சுளிக்கவில்லை. நடை பிசகவில்லை.

திரேசம்மா குனிந்து பார்த்தாள். அவள் கையால் கொட்டிய செடியொன்று அவருடைய உள்ளங்காலில் தைத்தபடி இழுபட்டு வந்திருந்தது. மணல் சிவந்துகொண்டிருந்தது.

“நோ... நோகேல்லையோப்பா?”

யாகப்பர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எது?”