ஏப்ரல் கணக்கு

கிள்ளானில் ஒரு லோரி கம்பெனி. கணக்காளர் வேலைக்கான இண்டர்வியூவில் டெஸ்ட் எழுதிவிட்டு வாணி கீழே இறங்கினாள். அவளுக்கு முன்னால் எழுதிய காலேப் வாசலில் கிராப் வாடகைக் காருக்காகக் காத்திருந்தான்.

"டெஸ்ட் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஈசி லா. ஒரு கம்பெனியோட ஏப்ரல் மாசக் கணக்கு. பில்லு, பேங்க் ஸ்டேட்மெண்ட் எல்லாம் கொடுத்து முதலாளி முடிக்கச் சொன்னாரு."

"எனக்கு மே மாசம் கொடுத்தாரு."

"காப்பி அடிப்போம்னு மாத்திக் கொடுத்திருப்பாரு."

வாணிக்கு ஏதோ உறுத்தியது. "உங்களுக்குக் கடைசியில பேங்க்ல எவ்வளவு மிச்சம் வந்துச்சு?"

"எட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு வெள்ளி."

"என்னோட மே மாசம் ஆரம்பிக்கிறதே அந்தக் காசுலதான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போது ஃபைலை அணைத்தபடி இன்னொரு பெண் படியேறிப் போனாள்.

"அவங்களுக்கு ஜூன்," என்றான் காலேப். "இந்த ஆளு யாரையும் வேலைக்கு எடுக்கப் போறதில்ல. கார் வந்திருச்சு, வரீங்களா?"

"நீங்க போங்க," என்று வாணி மறுபடி மேலே ஏறினாள்.

முதலாளி சுகுமாறன் அவளுடைய தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோரி பாஸ். டெஸ்ட்ல ஒரு எடத்துல தப்பு பண்ணிட்டேன்."

அவர் பதறி எழுந்தார். "எங்கம்மா தப்பு? நாளைக்கு டேக்ஸ் ஆபீஸ்ல கொடுக்கணும் அதை."

வாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"வேலைக்கு எடுத்துட்டேன்னு லெட்டர் அடிங்க பாஸ். கையெழுத்துப் போட்டதும் காட்டுறேன்."