நெகட்டிவ்

அக்கா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். அதனால் தம்பியின் சிறுநீரகம் தனக்குப் பொருந்துமா என்ற ரிப்போர்ட்டை அவளே போய் வாங்கி வந்தாள்.

"நெகட்டிவ்னு வந்திருக்குடா. ஒத்துவரல."

"இன்னொரு தடவை பார்க்கலாமேக்கா?"

"எத்தனை தடவை பார்த்தாலும் இதேதான். சாரத்துல ஏறிப் பெயின்ட் அடிக்கிறவன் நீ. பொண்டாட்டி வேற நிறைமாசம். போய் அவளைக் கவனி."

தம்பிக்கு அழுகை முட்டியது. கூடவே, தப்பித்தோம் என்று ஒரு நிம்மதியும் எட்டிப் பார்த்தது. அதற்காக வெட்கப்பட்டான்.

அதிலிருந்து எட்டாவது மாதம் அக்கா போய்விட்டாள்.

துக்கம் கேட்க, அவளோடு வேலை பார்த்த பெண் வந்திருந்தாள். அவளிடம் ரிப்போர்ட்டை நீட்டினான்.

"கூடப் பிறந்தும் உதவாமப் போயிட்டேங்க."

அவள் இரண்டு முறை படித்தாள். முகம் மாறியது.

"தம்பி, இந்த டெஸ்ட்ல நெகட்டிவ்னா எதிர்ப்பு இல்லைன்னு அர்த்தம். உங்க கிட்னி பொருந்தியிருக்கு."

"அக்காவுக்கு இது தெரியாதா?"

"எங்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொடுத்ததே அவங்கதான்."

அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் சரிந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனே!"

"அது தெரிஞ்சுதான் சொல்லல, தம்பி."