ஆயில் நட்டு

நட்டு இருந்தது.

அவன் இன்னொரு தடவை விரலால் தடவிப் பார்த்தான். இன்ஜினின் அடியில், ஆயில் இறக்கும் ஓட்டையில், நட்டு இருந்தது.

மூன்று வருடமாக மனதுக்குள் அந்த ஓட்டையை வெறுமையாகவே பார்த்து வந்தான். சாப்பிட உட்கார்ந்தால் பார்த்தான். கண்ணை மூடினால் பார்த்தான்.

பட்டறை வாசலில் ரெஜினா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கேஸ் முடிந்து, செத்துப்போன புருஷனின் பைக்கை நேற்றுதான் ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். ஊரில் எத்தனையோ பட்டறை இருக்க, நேராக இவனிடம் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

“ஓடுற மாதிரி ஆக்கிக் குடுங்கண்ணே. மில்லுக்கு நடந்து முடியல.”

பழைய ஆயிலை இறக்காமல் எதையும் தொட முடியாது.

ஸ்பேனரை மாட்டினான். பிடிக்கவில்லை. நட்டின் ஆறு முனையும் மழுங்கிக் கிடந்தன. யாரோ பிளையரால் கடித்துக் குதறியிருந்தார்கள்.

இவன் வேலை அப்படி இருக்காது. ஒரு நட்டை இறுக்கி முடித்ததும், மனைவியின் பழைய நெயில் பாலிஷை எடுத்து, நட்டையும் இன்ஜினையும் சேர்த்து ஒரு சிவப்புக் கோடு இழுப்பான். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று. அப்புறம் திரும்பிப் பார்க்க மாட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால், இந்த வண்டிக்கு ஆயில் மாற்றிய அந்த வெள்ளிக்கிழமை, பாலிஷ் புட்டியில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. காய்வதற்குள் தீர்த்துவிடுவோம் என்று எல்லா நட்டுக்கும் ஒரே மூச்சில் கோடு இழுத்தான். ஆயில் நட்டைக் கையால் திருகி மட்டும் வைத்திருந்தான். ஸ்பேனர் போடவில்லை.

அதற்கும் இழுத்தான்.

வண்டியை எடுக்க ரெஜினாவின் புருஷன் அமலதாஸ் வந்தார். இவன் கோட்டைப் பார்த்தான். சாவியைக் கொடுத்தான்.

சனிக்கிழமை காலையில் செய்தி வந்தது. எரியோடு ரோட்டு வளைவில் வண்டி சறுக்கி, அந்த இடத்திலேயே போய்விட்டார்.

எழவு வீட்டுக்கு ஓடச் சட்டையை மாட்டியவன், பழைய ஆயில் தட்டைப் பார்த்தான். கறுப்பு ஆயிலுக்குள் பதினேழாம் நம்பர் ஸ்பேனர் நுனி மட்டும் தெரிய மூழ்கிக் கிடந்தது. நட்டைக் கழற்றும்போது கைதவறி விழுந்தது. ஆயில் நட்டுக்குப் பட்டறையில் அது ஒன்றுதான்.

விழுந்த பிறகு அதை அவன் எடுக்கவே இல்லை. அப்படியானால் நட்டை இறுக்கவும் இல்லை.

சட்டையைக் கழற்றிவிட்டான். எழவுக்குப் போகவில்லை.

வேகம்தான் காரணம் என்று போலீஸில் எழுதினார்கள். அவனுக்கு அல்லவா தெரியும். நட்டு விழுந்து, ஆயில் பின் டயரில் ஊற்றி... அதற்கு மேல் நினைக்கக் கூடாது என்றுதான் இருப்பான். நினைப்பான்.

வண்டி ஸ்டேஷன் சுவரோரமாகத்தான் கிடந்தது. ஒரு தடவை குனிந்து பார்த்தால் போதும். குனியவில்லை. ரெஜினாவின் தெரு வந்தால் சுற்றிக்கொண்டு போனான். தூக்கத்தில் அவன் வலது கை எதையோ முறுக்குகிறது என்று மனைவி சொன்னாள்.

இப்போது குனிந்திருக்கிறான்.

நட்டைச் சுற்றி ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான்.

இன்ஜின் மேல் பாதிக் கோடு. நட்டின் மேல் பாதிக் கோடு.

இரண்டும் சேரவில்லை. நட்டின் கோடு, இறுக்கும் பக்கமாக அரைச் சுற்று தள்ளிப் போயிருந்தது.

அவன் கோடு இழுத்த பிறகு யாரோ இறுக்கியிருக்கிறார்கள்.

வண்டிக்கு அடியிலிருந்து தலையை எடுத்தான். இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருக்க அவனால் முடியவில்லை.

“தங்கச்சி, அன்னைக்கு இந்த நட்ட நான் இறுக்கல.”

ரெஜினா ஆச்சரியப்படவில்லை.

“தெரியும்ணே. வீட்டுக்கு வந்ததும் சொட்டுச் சொட்டா ஒழுகுச்சு. அவருதான் பிளையரப் போட்டு முறுக்கு முறுக்குன்னு முறுக்குனாரு. ‘மனுசன் மறந்துட்டாரு, வெளிய தெரிஞ்சா அவரு பொழப்பு போயிரும், யார்ட்டயும் சொல்லிராத’ன்னாரு. நானும் சொல்லல.”

நான் கொல்லவில்லை என்று அவன் மனம் ஒரு துள்ளு துள்ளியது. அப்படித் துள்ளியதற்காக வெட்கமாக இருந்தது.

அவன் மறுபடியும் வண்டிக்கு அடியில் குனிந்தான். உளியை நட்டின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டினான்.

அசையவில்லை.

தட்டினான். செத்தவர் அந்தப் பக்கமிருந்து இன்னும் இறுக்கிப் பிடித்திருப்பது போல இருந்தது.

“விடுங்கண்ணே,” என்றான் உள்ளுக்குள். “நான் பாத்துக்கிறேன்.”

அடுத்த தட்டில் நட்டு திரும்பியது.

ஆயில் தட்டில் இறங்கியது. இறங்கிக்கொண்டே இருந்தது. அன்று அவன் ஊற்றியது, சொட்டியது போக, அத்தனையும் இருந்தது.

“ஒன்னுதான்ணே எனக்குப் புரியல.” வாசலிலிருந்து ரெஜினாவின் குரல் வந்தது. “தெரியாதவங்ககூட வந்தாங்க. நீங்க ஏன் எழவுக்கு வரல?”

தட்டு நிரம்பிவிட்டது.

அவன் எழுந்தான். கையைத் துணியில் துடைத்தான். கறுப்பு போகவில்லை. மறுபடியும் துடைத்தான்.

பிறகு அவள் முன்னால் போய், எழவு வீட்டு வாசலில் துக்கம் கேட்க வந்தவர்கள் நீட்டுவது போல, அந்தக் கறுத்த இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினான்.

ரெஜினா ஸ்டூலை விட்டு எழுந்தாள்.